வாவிக்கரையில் ஒரு கேள்வி

ஞாயிறு திருப்பலியில் கடைசி வாங்கில் அமர்ந்திருப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? நற்கருணை வாங்க எழுந்து வருவதில்லை. உறவினர் பிள்ளைக்கு ஞானத்தந்தையாக நிற்கக் கேட்டால் ஏதேனும் சாக்குச் சொல்லி விலகிக்கொள்வார். பக்தி குறைந்தவர் என்று தீர்ப்பிட்டுவிடாதீர்கள். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இப்படிப்பட்டவர்களுள் முன்னர் ஆயுதம் ஏந்தியவர்களும் உண்டு. 2004 ஏப்ரலில் இயக்கம் பிளவுண்டபோது வீடு திரும்பிய சிறுவர்கள் இன்று நடுவயதை எட்டுகிறார்கள். 2009இல் போர் முடிந்தபின் புனர்வாழ்வு முகாம்களைக் கடந்து வந்தவர்கள் ஏறத்தாழ 12,000 பேர்.

அச்சத்தால் வரும் மனநோய் ஒன்று; மனச்சாட்சியில் படும் காயம் வேறொன்று. வியட்நாமில் போரிட்டுத் திரும்பியவர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க மருத்துவர் ஜொனதன் ஷே 1994இல் இக்காயத்தைக் குறித்து விரிவாக எழுதினார். தான் செய்தது, தடுக்காமல் நின்றது, நம்பிய தலைமை தன்னைக் கைவிட்டது ஆகியவையே இங்கு உறுத்துகின்றன. அங்கே இதனை இனங்காண 2018இல் டியூக் பல்கலைக்கழகத்தினர் பத்து வினாக்கள் கொண்ட படிவமொன்றை வெளியிட்டனர். குற்றவுணர்வு, வெட்கம், தன்னையே மன்னிக்க இயலாமை, இறைநம்பிக்கை தளர்தல் முதலியவற்றிற்கு ஒன்று முதல் பத்துவரை எண்ணிட வேண்டும்.

அதே படிவத்தை நம் குருக்கள் கையிலெடுக்கலாமா? எனக்குத் தயக்கமே. சுற்றிவளைப்பில் முகமூடியணிந்த தலையாட்டியின் ஓர் அசைவு மனிதனைக் காணாமற்போகச் செய்த மண் இது. விசாரணைகளில் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே களைத்தவரிடம், மனச்சாட்சிக்கு மாறாக என்ன செய்தீர் என்று தாளை நீட்டினால் அவர் எதை நினைப்பார்? பாவசங்கீர்த்தன இரகசியத்தைக் குருவானவர் எக்காரணத்திற்காகவும் வெளியிட முடியாது. எழுதிவைத்த தாளுக்கு அந்தக் காவல் இல்லை. வினாக்கள் குருவின் உள்ளத்தில் இருக்கட்டும்.

பாவசங்கீர்த்தனத்திலும் அவசரம் ஆகாது. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லிப் போகச் சொன்னால், அவர் அதே பாவத்துடன் மறுமுறையும் வருவார், அல்லது வராமலே போவார். பலவந்தமாகச் சேர்க்கப்பட்டவரிடம் "உன்மேல் குற்றமில்லை" என்று முந்திக்கொண்டு சொல்வதும் அவர் வாயை அடைப்பதே.

1996இல் மட்டக்களப்பில் இயேசுசபைக் குரு போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் தொடக்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை நினைத்துப் பாருங்கள். போரால் அடிபட்ட பிள்ளைகளை அங்கே எவரும் விசாரிக்கவில்லை. களிமண்ணும் வண்ணமும் கதையும் கொடுத்தார்கள்.

ஆண்டவரும் திபேரியக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் கொடுத்த பின்னரே பேதுருவிடம் மும்முறை கேட்டார். ஏன் மறுதலித்தாய் என்று கேட்கவேயில்லை. மறுதலித்ததும் ஒரு கரிநெருப்பின் அருகில்தான் என்பதை யோவான் மறவாமல் குறித்திருக்கிறார்.

உங்கள் வீட்டில் அத்தகையவர் இருந்தால் வற்புறுத்தாதீர்கள். அவர் சம்மதமின்றிப் பங்குத்தந்தையிடம் அவர் கதையைச் சொல்லாதீர்கள். சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் தாமதிக்க வேண்டாம்: வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள், 1926 என்ற மனநல உதவி இலக்கமும் உண்டு. செப்டெம்பரில் ஆயித்தியமலை சதா சகாய அன்னை திருவிழாவுக்கு நடந்து போகிறவர்கள் அவரையும் அழைக்கலாம். வழி நெடியது. பேசாமலும் கூட நடக்கலாம்.