‘எரி’யையும் ‘ஏரி’யையும் பிரித்துக் காட்டிய வீரமாமுனிவர்

உம்பாய் - தமிழ்ப்பள்ளி மாணவர் இன்று ‘எரி’, ‘ஏரி’ என்று எழுதினால் இரண்டும் தனித்தனியாகத் தெரிகின்றன. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அப்படி இல்லை. எகர, ஒகரக் குறில்களுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும் என்பது பழைய விதி. ஓலைச்சுவடியில் புள்ளியை விட்டுவிடுவது வழக்கம். எழுதியிருப்பது நெருப்பா, நீர்நிலையா என்பதை இடம் பார்த்தே ஊகிக்க வேண்டும்.

இந்தக் குழப்பம் தீர நெடிலுக்குத் தனி வடிவம் தந்தவர் வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலியில் பிறந்த இவரின் இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இயேசு சபைத் துறவியான இவர் 1710-இல் கோவா வந்து, பின்னர் தமிழகம் சென்றார். அதே சபையின் புனித சவேரியார் முத்துக்குளித்துறையில் பணியாற்றிவிட்டு 1545-இல் மலாக்காவுக்கு வந்தவர் என்பது இங்குள்ளோர் அறிந்ததே.

வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’ 3 காண்டங்களும் 3,615 பாடல்களும் கொண்ட காப்பியம். இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரே அதன் தலைவர். அதுவரை சொற்பொருள் அறிய, செய்யுளில் அமைந்த நிகண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. 1732-இல் இவர் தொகுத்த ‘சதுரகராதி’ சொற்களை அகர வரிசையில் அடுக்கியது. நாம் இன்று அகராதியைப் புரட்டும் முறை அதுதான்.

பண்டிதருக்குக் காப்பியம் எழுதிய அதே கை, எல்லோரும் சிரிக்க ‘பரமார்த்த குரு கதை’யையும் எழுதியது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் வைத்துப் பார்ப்பார்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்குவார்கள். தமிழ் உரைநடையில் இப்படியொரு கற்பனை அன்று புதுமை. இந்நூல் 1822-இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் லண்டனில் அச்சானது.

மதம் பரப்ப வந்தவர்தானே என்று இவரை ஒதுக்குவோரும் உண்டு. அந்த நோக்கத்தை அவர் மறைக்கவில்லை. ஆனால் அகராதிக்கும் எழுத்துக்கும் மதம் கிடையாது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவரும் இவரே.

இவர் 1747-இல் மறைந்தார். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-இல் கோலாலம்பூரில் நடந்தது. 1968-இல் சென்னையில் நடந்த இரண்டாம் மாநாட்டின்போது மெரினா கடற்கரையில் இவருக்குச் சிலை எழுந்தது. சென்னைக்குப் போக முடியாதவர்களும் வீட்டிலேயே இவரை நினைவுகூரலாம். இரவில் பிள்ளைகளுக்குப் பரமார்த்த குரு கதை ஒன்றைத் தமிழில் வாசித்துக் காட்டினால் போதும்.