உங்களுக்குத் தெரியுமா? உப்புக்குக் காவல் நின்ற முள்வேலி!

மதுரை கோரிப்பாளையத்தின் எந்த மளிகைக் கடையிலும் இன்று தடையின்றி உப்பு வாங்குகிறோம். 19ஆம் நூற்றாண்டிலோ, வரி கட்டாமல் உப்பு கடத்துவோரைப் பிடிக்கவே இந்தியாவின் குறுக்கே ஒரு சுங்க எல்லை இருந்தது!

● சிந்து நதிப் பக்கமிருந்து ஒடிசாவின் மகாநதி வரை நீண்ட அந்த எல்லையின் நீளம் சுமார் 4,000 கி.மீ. காவலர்கள் ஏறத்தாழ 12,000 பேர்.

● 1867 முதல் 1870 வரை அதன் ஆணையர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1857 எழுச்சியின்போது எட்டாவா ஆட்சியராக இருந்து, பிரிட்டிஷார் பக்கம் படை திரட்டிப் போரிட்டவர்.

● எல்லையில் காய்ந்த முள்ளை அடுக்கிய வேலி அடிக்கடி அழிந்தது. அதனால் இலந்தை, கருவேலம், களா, கள்ளி ஆகியவற்றை உயிர்வேலியாக ஹியூம் வளர்க்க வைத்தார்.

● சென்னை மாகாணத்தில் வேலி இல்லை. அங்கு 1805 முதல் உப்பு அரசின் ஏகபோகமாக இருந்தது.

● 1879இல் சுங்க எல்லை கைவிடப்பட்டது. உப்பு வரி நீடித்தது.

● அதே ஹியூம்தான் 1885இல் இந்திய தேசிய காங்கிரஸ் உருவாக முன்நின்றார். பம்பாயில் நடந்த அதன் முதல் மாநாட்டில், மதுரையில் பிறந்த வழக்கறிஞர் எஸ். சுப்பிரமணிய ஐயரும் கலந்துகொண்டார்.

ஏழையின் கஞ்சிக்கும் வரி போட்ட அந்த வேலியின் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்!