இறுக்க இறுக்க ஒழுகும் எண்ணெய்!

காலையில் காரை வெளியே எடுக்கிறீர்கள். கார் நின்ற இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம்!

"போன மாதம்தானே மெக்கானிக் போல்ட்டை எல்லாம் இறுக்கினார்? மறுபடியும் ஒழுகுகிறதே!" என்கிறார் வீட்டுக்காரர்.

இறுக்கியதால்தான் ஒழுகுகிறது! நம்ப முடிகிறதா?

அம்பாசடர் கார் 1958-ம் ஆண்டு வந்தது. 2014-ல் அதன் உற்பத்தி நின்றது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் அதை இன்னும் ஆசையாக வைத்திருப்பவர்கள் உண்டு. இந்த வட்டாரத்துக்கு இரும்பும் எண்ணெயும் புதிது அல்ல. அம்பத்தூரில் 1964-ல் தொழிற்பேட்டை தோன்றியது. ஆவடியில் 1965-ல் "விஜயந்தா" டாங்கி உருவாகி வெளிவந்தது.

தக்கைப் பட்டை

என்ஜினுக்கு அடியில் தொட்டி போல ஒரு தகடு இருக்கிறது. அதன் பெயர் "ஆயில் சம்ப்". அம்பாசடரில் சுமார் 4 லிட்டர் எண்ணெய் அதில் நிற்கும்.

என்ஜினுக்கும் சம்ப்புக்கும் நடுவே ஒரு மெல்லிய பட்டை உண்டு. மெக்கானிக்குகள் அதை "பாக்கிங்" என்பார்கள். பழைய கார்களில் அது தக்கையால் ஆனது.

தக்கை எங்கிருந்து வருகிறது? உலகத் தக்கையில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகல் நாட்டில் கிடைக்கிறது. அதற்காக மரத்தை வெட்டுவது இல்லை. 9 ஆண்டுக்கு ஒரு முறை பட்டையை மட்டும் உரிக்கிறார்கள்.

தக்கை அமுங்கி இடைவெளியை அடைக்கும். அளவுக்கு மேல் அமுக்கினால் பிளந்துவிடும்! தகடும் போல்ட் உள்ள இடங்களில் மேலே இழுபட்டு வளைந்துவிடும். இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே சந்து விழும். எண்ணெய் அந்த வழியாகச் சொட்டும்.

அலட்சியம் வேண்டாம்

சொட்டுதானே என்று விடக்கூடாது. எண்ணெய் குறைந்தால் என்ஜினுக்குள் இரும்போடு இரும்பு உரசும். பேரிங் தேய்ந்து, என்ஜின் இறுகி, நடு ரோட்டில் கார் நின்றுவிடும். குடும்பத்தோடு வெளியூர் போகும்போது இப்படி நடந்தால்?

எப்படிச் சரி செய்வது?

முதலில் என்ஜினைத் துடையுங்கள். சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். மேல் மூடியில் கசிகிற எண்ணெயும் கீழே வழிந்துதான் சொட்டும். சம்ப் மீது வீண் பழி போடாதீர்கள்!

காரை ஜாக்கியில் மட்டும் தூக்கி வைத்து அடியில் படுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து! உறுதியான ஸ்டாண்டு வேண்டும்.

எண்ணெயை வடித்து சம்ப்பைக் கழற்றியதும், பழைய பாக்கிங்கை ஒரு துளி விடாமல் சுரண்ட வேண்டும். பிறகு சம்ப்பின் விளிம்பைச் சமமான கண்ணாடி மீது வைத்துப் பாருங்கள். மேடு தெரிந்தால், மரக்கட்டையில் வைத்துச் சிறு சுத்தியலால் தட்டிச் சமமாக்குங்கள். இதைச் செய்யாமல் எத்தனை புது பாக்கிங் போட்டாலும் காசுதான் வீண்!

பல நாள் கடையில் கிடந்த தக்கை காய்ந்து சுருங்கியிருக்கும். துளைகள் பொருந்தாது. சிறிது நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்தால் விரியும். ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பொருத்தலாம்.

பசையை மெல்லியதாகத் தடவினால் போதும். பிதுங்கி உள்ளே விழுந்தால் எண்ணெய் வடிகட்டியை அடைக்கும். இரு கோடியிலும் உள்ள வளைவுகளில் கவனம் தேவை. அங்குதான் அதிகம் ஒழுகும்.

எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் திருகுங்கள். பிறகு நடுவில் தொடங்கி, இப்புறமும் அப்புறமுமாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். தக்கை சற்றே பிதுங்கியதும் நிறுத்துங்கள். கையில் பலம் இருக்கிறது என்று காட்டும் இடம் இது அல்ல!

வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ ஏரியிலோ கொட்டாதீர்கள். பழைய எண்ணெய் வாங்குகிறவர்களிடம் கொடுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. இரவில் காரின் அடியில் பழைய பத்திரிகைத் தாளை விரித்து வையுங்கள். காலையில் தாளில் சொட்டு இல்லையா? வேலை வெற்றி!