வெளுத்த துணியும் அழியாத குறியும்

பல வீட்டுத் துணிகள் ஒன்றாகக் கலந்துவிட்டால், எது யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முற்காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் சேராங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் ஒரு குறி இடுவார்கள். சாயம் வெளுத்தாலும் அந்தக் குறி அழியாது. மனித உடலில் தோன்றும் ஒரு புற்றுநோயின் பிறப்பிடத்தையும் அறிவியலறிஞர்கள் இப்படி ஒரு குறியைக் கொண்டே கண்டறிந்தனர். அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

நூறாண்டுப் புதிர்

1832ஆம் ஆண்டில், நிணநீர்க் கணுக்கள் வீங்கி இறந்த சிலரைப் பற்றி லண்டன் மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின் எழுதினார். பின்னர் அந்நோய் அவர் பெயரையே பெற்றது. அதில் காணப்படும், பல உட்கருக்களையுடைய பெரிய அணுக்களை 1898இல் ஸ்டெர்ன்பெர்க்கும் 1902இல் டோரதி ரீடு அம்மையாரும் விளக்கமாக வருணித்தனர். ஸ்டெர்ன்பெர்க் இதைக் காசநோயின் ஒரு வகை என்றே கருதினார். ரீடு அதை மறுத்தார். இவ்வணுக்கள் எந்த அணுவின் வழித்தோன்றல்கள்? நெடுங்காலம் விடை கிடைக்கவில்லை. கட்டியில் இவை நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலேயே உள்ளன. மேலும், தம் மூல அணுவின் அடையாளங்களில் பெரும்பாலானவற்றை இவை இழந்துவிட்டன. சாயம் வெளுத்த துணி போன்ற நிலை!

குறி எங்கே இருந்தது?

நோய்க்கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்பொருள்களை உண்டாக்குபவை பி அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்கள். ஒவ்வொரு பி அணுவும் வளரும்போது தன் எதிர்ப்பொருள் ஜீன்களின் துண்டுகளை வெட்டித் தனக்கே உரிய முறையில் ஒட்டிக்கொள்கிறது. இவ்வுண்மையை 1976இல் வெளிப்படுத்திய சுசுமு டொனெகாவா 1987இல் நோபல் பரிசு பெற்றார்.

கிருமி நுழைந்ததும், நிணநீர்க் கணுவிலுள்ள முளைமையம் என்னும் பகுதியில் இந்த ஜீன்களில் சடுதிமாற்றங்கள் மிக விரைவாக நிகழ்கின்றன. இவ்வேகம் மற்ற ஜீன்களைவிட ஏறத்தாழப் பத்து லட்சம் மடங்கு அதிகம். கிருமியை நன்கு பற்றும் அணு பிழைக்கிறது, பயனற்றது மடிகிறது. எனவே ஓர் அணுவின் எதிர்ப்பொருள் ஜீனில் இத்தகைய மாற்றங்கள் இருந்தால், அது முளைமையத்தைக் கடந்து வந்த பி அணு என்று அறியலாம்.

ஓரணு ஆய்வு

ஜெர்மனியின் கொலோன் நகரில் ரால்ப் க்யூப்பர்ஸ், கிளவுஸ் ராயேவ்ஸ்கி, ஹான்ஸ்மன் முதலியோர் திசுச் சீவல்களிலிருந்து இப்பெரிய அணுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுத்து, அவற்றின் எதிர்ப்பொருள் ஜீன்களைப் பெருக்கிப் படித்தனர். 1994இலும் 1996இலும் முடிவுகள் வெளியாயின. ஒரே நோயாளியின் பெரிய அணுக்களில் ஒரே ஒட்டுமுறையும் ஒரே மாற்றங்களும் இருந்தன. ஆகவே அவை ஒரே தாயணுவின் சந்ததி. அத்தாயணு முளைமையத்துப் பி அணு.

ஒரு வியப்பும் காத்திருந்தது. சில நோயாளிகளின் அணுக்களில் ஒரு மாற்றம் எதிர்ப்பொருள் ஜீனையே பாழாக்கியிருந்தது. அத்தகைய அணு முளைமையத்திலேயே மடிந்திருக்க வேண்டும். மடிய வேண்டியது மடியாமல் பிழைத்துப் பெருகியதே நோய்! எப்படிப் பிழைத்தது? எப்ஸ்டீன்-பார் வைரஸ், எதிர்ப்பொருளை இழந்த முளைமையத்துப் பி அணுக்களைச் சாகாமல் காக்கவல்லது என்று 2005இல் ஆய்வகச் சோதனைகள் காட்டின. எல்லா நோயாளிகளிடமும் இவ்வைரஸ் இல்லை. அவர்களிடம் வேறு காரணங்கள் செயற்படுகின்றன.

மிகச் சிலரிடம் மூல அணு டி அணுவாக இருப்பதும் உண்டு. எனினும் பெரும்பாலோர் வகையில் ஐயம் தீர்ந்தது. 2001இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் ‘ஹாட்ஜ்கின் நோய்’ என்னும் பழைய பெயர் மாறி, ‘ஹாட்ஜ்கின் லிம்போமா’ என்றாயிற்று. லிம்போமா என்றால் நிணநீர் அணுக்களில் தோன்றும் புற்று.

பெயர் மாற்றம்தானே என்று எண்ண வேண்டா. எந்த அணு வழி தவறியது, எதனால் சாகாமல் தப்பியது என்று தெரிந்தால்தான் அந்தத் தப்பும் வழியை அடைக்க முயல முடியும். தோற்றம் மாறிய அணுவும் தன் பிறப்பின் குறியைத் தன்னுள்ளேயே சுமந்து நின்றது. அதைப் படிக்கும் கல்வியே 160 ஆண்டுப் புதிரை விடுவித்தது.