வாச்சாத்தி: ஓரமா நின்னவங்க கணக்கு

டீ கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டே தம்பி கேட்டான்: "215 பேருக்கும் தண்டனையாமே? ஓரமா நின்னவங்களும் இருந்திருப்பாங்கல்ல?"

நல்ல கேள்வி. ஆனால் ஊரிலிருந்து தொடங்க வேண்டும்.

அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. அங்கே பெரும்பாலும் மலையாளி பழங்குடிகள். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிடாதே. மலைவாசிகள், பேசுவது தமிழ். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் 269 பேர் ஊருக்குள் புகுந்தார்கள். ஆண்கள் பலர் மலைக்கு ஓடிவிட்டார்கள். அகப்பட்டவர்களை ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வீடுகளை உடைத்துச் சூறையாடினார்கள். அதற்குப் பிறகு 90 பெண்கள், 28 குழந்தைகள், 15 ஆண்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். பறிகொடுத்தவர்கள்தான் கைதிகள்!

அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது அரசு. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடவில்லை. போலீஸ்காரர் மீதே புகார் என்றால் உள்ளூர் ஸ்டேஷன் அதை எப்படி எழுதும்? 1995-ல் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. அந்த ஒரு முடிச்சு அவிழவே மூன்று வருஷம்.

தருமபுரி அமர்வு நீதிமன்றத் தீர்ப்பு 2011 செப்டம்பர் 29-ல்தான் வந்தது. அதற்குள் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்திருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள். அதில் 17 பேர் பாலியல் வன்கொடுமைக்காக.

அதே வருஷம் மே மாதம் ஜெர்மனியில், மியூனிக் நீதிமன்றம் உன் கேள்வியைத்தான் எதிர்கொண்டது. ஜான் டெம்யான்யுக், சோபிபோர் நாஜி முகாமின் காவலாளி. இன்னாரைக் கொன்றார் என்று குறிப்பான சாட்சியம் இல்லை. யூதர்களைக் கொல்வதற்கென்றே நடந்த முகாமில் காவல் நின்றதே 28,000-க்கும் மேற்பட்ட கொலைகளுக்குத் துணைபோனது என்று ஐந்தாண்டு தண்டனை கொடுத்தார்கள். மேல்முறையீடு முடிவதற்குள் மனிதர் இறந்துவிட்டார்.

நம் வழக்கின் மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன், வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தார். அந்த 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு. பாதியை வன்கொடுமை செய்தவர்களிடம் வசூலிக்க வேண்டும். கூடவே, அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். எதற்கு என்கிறாயா? ஒன்றும் செய்யாமல் இருந்ததற்கு.