மேலதிகாரியின் சீற்றம்

மேலதிகாரி சீறினால், நாம் காணும் உத்தியோகஸ்தர் பலருக்கு இரண்டே வழிதான் தெரிகிறது: வாய் புதைத்து நிற்பது, அல்லது ராஜிநாமாவை வீசுவது. மூன்றாவது வழியும் உண்டு என்பதற்கு ஆலன் புரூக் என்ற பிரிட்டிஷ் தளபதி அத்தாட்சி.

1941 டிசம்பர் முதல் யுத்தம் முடியும் வரையில் பிரிட்டிஷ் ராணுவத் தலைமை அவருடையது. அவருக்கு மேலே பிரதம மந்திரி சர்ச்சில். (சர்ச்சில்மீது இந்தியாவுக்குள்ள வழக்கு வேறு, அதை இங்கு எடுக்கவில்லை.) நள்ளிரவு கடந்தும் கூட்டம் நடத்துவார் சர்ச்சில், புதுப்புது யோசனைகளை அடுக்குவார், தடை சொன்னால் கொதிப்பார். புரூக் பணியவுமில்லை, பதவியை உதறவுமில்லை. ஒப்பமுடியாததை முகத்துக்கு நேரே மறுத்தார். மிஞ்சிய ஆத்திரத்தை, மனைவிக்கென்று இரவில் எழுதிய நாட்குறிப்பில் கொட்டினார். 1957-ல் அதன் பகுதிகள் அச்சேறியபோதுதான் அவர் விழுங்கிய கசப்பை உலகம் அறிந்தது.

தன் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் அறிந்து நடக்கும் இத்திறமையையே, 1990-ல் சலோவே, மேயர் என்ற அமெரிக்க உளநூலார் இருவர் 'உணர்ச்சி நுண்ணறிவு' என்று விவரித்தனர். இது முகஸ்துதியன்று. சோற்றுக்கு அவ்வேலையையே நம்பியிருக்கும் குமாஸ்தாவுக்குப் புரூக்கின் துணிவு எளிதன்று என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் ஆத்திரத்தை வீட்டிலே இறக்கிவிட்டு, மறுப்பை மட்டும் ஆபீசுக்கு எடுத்துச் செல்ல அவராலும் இயலும்.

புரூக் தம்மை வெறுக்கிறார் என்று சர்ச்சில் ஒருமுறை குறைப்பட்டாராம். தாம் வெறுக்கவில்லை, நேசிக்கவே செய்வதாகவும், ஆனால் தவறென்று அறிந்ததைச் சரியென்று தாம் சொல்லும் நாளில் தம்மை விலக்கிவிடலாம் என்றும் புரூக் சொல்லியனுப்பினார் என்பர். சர்ச்சில் அவரை விலக்கவில்லை.