மதகு தெரியும், லாக் தெரியுமா?

லால்குடி வயல்களுக்கு நீர் கொண்டுவரும் பெருவளை வாய்க்காலிலும் அய்யன் வாய்க்காலிலும் மதகுகள் உண்டு. படகு ஏறி இறங்க வழி கிடையாது. இவை பாசனத்துக்கானவை. முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் மேலணை எழுப்பிய ஆர்தர் காட்டன், கால்வாய் படகுக்கும் பாதையாக வேண்டும் என்று விடாமல் வாதாடியவர். பின்னர் அவர் கோதாவரியில் தவளேசுவரம் அணையைக் கட்டியபோது, அங்கிருந்து பிரிந்த கால்வாய்களில் ‘லாக்’ அமைந்தது.

லாக் என்பது இரு முனையிலும் கதவுள்ள நீளமான தொட்டி. மேலே போக வேண்டிய படகு கீழ்க்கதவு வழியே உள்ளே நுழையும். அதைச் சாத்திவிட்டு, மேற்புறத்துத் திறப்பு வழியாக நீரை விடுவார்கள். நீர் ஏற ஏறப் படகும் ஏறும். எந்திரம் வேண்டாம், இழுக்க ஆளும் வேண்டாம். கரையில் மாட்டிய கயிற்றைப் படகு உயர்வதற்கேற்பச் சுருக்கிப் பிடிப்பதுதான் படகோட்டியின் வேலை. தொட்டிக்குள்ளும் மேற்கால்வாயிலும் நீர் ஒரே மட்டமாகும் வரை மேல்கதவு அசையாது. நீரின் பாரமே அதை இறுக்கிப் பிடித்திருக்கும். எவ்வளவு அழகான யோசனை!

சென்னை வழியாக மரக்காணம் வரை நீளும் பக்கிங்காம் கால்வாயிலும் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் இத்தகைய லாக்குகளைக் கடந்தே சென்றன.